சங்கையாவுக்குத் தலைக்கு ஊற்றிய கதை

உப்போடைப்பட்டியில் சங்கையாவுக்குத் தலைக்கு ஊற்றியது ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதுதான் முறை, அவருக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். அதை நம்பித்தான் மகன் குருசாமி கொட்டுக்காரர்களுக்குச் சொல்லி வைத்து, பந்தலுக்குக் கம்பும் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்திருந்தான், மகள் சீனித்தாயும் தீப்பெட்டி ஆபீஸில் நாலு நாள் லீவு சொல்லியிருந்தாள். ஆனால் திங்கட்கிழமை காலையில் சங்கையா கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, பிறகு மகளைப் பார்த்து, "பசிக்குது தாயி" என்றார்.

அந்தக் கரிசல் பக்கத்தில் தலைக்கு ஊற்றுவது என்றால் என்னவென்று யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்வதில்லை. தேறவும் தேறாமல் போகவும் போகாமல் படுக்கையில் இழுத்துக்கொண்டு கிடக்கிற வயசாளிக்கு, சொந்தபந்தமெல்லாம் கூடி, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் வைத்து, குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றி, இளநீர் கொடுத்து அனுப்பி வைப்பார்கள். கொலை என்ற சொல்லை அங்கே யாரும் எடுப்பதில்லை. "கரையேத்தி விட்டோம்" என்பார்கள், சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள்.

சங்கையாவுக்கு எண்பத்து நாலு வயது. பதினாலு மாதமாக ஒரே கிடையாகக் கிடந்து முதுகில் புண் வைத்துவிட்டது. புருஷன் செத்த பிறகு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட சீனித்தாய்தான் காலையில் ஒரு தரம், தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு தரம், மூச்சை அடக்கிக்கொண்டு, நுனிவிரலால் துணியை உருவித் துடைத்துவிட்டு நகர்வாள். சிவகாசியில் லாரி ஓட்டுகிற குருசாமி ஒருநாள் வந்து சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னான்: "வேலையும் ஓடலை, சாவும் வரலை. சும்மா கிடந்துக்கிட்டு இருக்கிறவுக உசுரையும் சேத்து எடுக்காரு." எல்லாரும் சீனித்தாயைப் பார்த்தார்கள், ஏனென்றால் மூத்த மகளின் கைதான் முதல் எண்ணெய் வைக்க வேண்டும். அவள் வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினாள். சொல்லவில்லை, ஆட்டத்தானே செய்தோம் என்று பிற்பாடு எத்தனையோ நாள் தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள், அந்த வழக்கு ஒருநாளும் ஜெயிக்கவில்லை.

பசிக்கிறது என்றவருக்குக் கஞ்சி கொடுத்தார்கள். புதன்கிழமை முதுகுப் புண் மூடிக்கொண்டது. சாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் சாவு இல்லாமல் திரும்பிப் போவதா, இருப்பதா என்று தெரியாமல் வெள்ளிக்கிழமை வரை இருந்து சாப்பிட்டுவிட்டு, விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று முணுமுணுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஒன்பதாம் நாள் கீழ்வரிசையில் ஒரு பல் முளைத்தது. ஒரு மாதத்தில் நரைத்த முடி வேரிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது, வளைந்த முதுகு நிமிர்ந்தது, வற்றிப்போன கெண்டைக்காலில் சதை பிடித்தது. சங்கையா எழுந்து நடந்து போய், சுவரோரம் சாய்த்திருந்த பந்தல் கம்பில் நல்லதாக நாலைப் பொறுக்கி ஆட்டுக்குக் கொட்டில் போட்டார்.

ஊர் முதலில் அதை வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது. நடக்காதது நடந்தால் நாலு நாள் பேச்சு, அஞ்சாம் நாள் அவரவர் பாடு. ரேஷன் கடையில் அவருடைய கைரேகை மெஷினில் விழவில்லை, தேய்ந்துபோன ரேகையெல்லாம் புதிதாக வரி வரியாகத் திரும்பியிருந்தது. கார்டில் இருக்கிற கிழவர் நீங்கள்தான் என்பதற்கு அவருடைய மகனையே கூட்டி வாருங்கள் என்றார்கள். குருசாமி போய் நின்றபோது, இவர் அப்பாவா அவர் அப்பாவா என்று கேட்டார்கள். சாத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் சீனித்தாயிடம், ஆடியில் "அண்ணனுக்கும் சேத்து டிக்கெட்டா?" என்றார், ஐப்பசியில் "தம்பிக்கும் சேத்தா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. சங்கையாவும் சிரித்தார். சீனித்தாய் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு ஐம்பத்து நாலு வயது, தீப்பெட்டி மருந்தில் விரல்நுனி வெந்து, மூட்டு வலி வந்து, இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறவள். பக்கத்தில் அப்பன் கறுத்த மீசையோடு உட்கார்ந்திருந்தார்.

பழகிக்கொள்ள முடியாமல் தவித்தவர்களும் இருந்தார்கள். ஊரில் இந்தப் பத்திருபது வருஷத்தில் தலைக்கு ஊற்றி அனுப்பிய வீடுகள் பதினொன்று. அந்த வீட்டுக்காரர்கள் சங்கையா வந்தால் தெருவை மாற்றிப் போனார்கள். தன் மாமியாருக்கு ஊற்றிய ராக்கம்மாள் ஒருநாள் சீனித்தாயின் வீட்டுக்கே வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"என்ன எண்ணெய் வச்ச?"

"எல்லாரும் வைக்கிற எண்ணெய்தான். மேலத்தெரு செக்கு எண்ணெய்."

"எங்க அத்தைக்கும் அதே செக்குதான். அதே கிணத்துத் தண்ணிதான். பெறகு எங்க அத்தை மட்டும் ஏன் ரெண்டாம் நாளே போனா?"

சீனித்தாய் அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினாள். ராக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போகும்போது தானாகவே ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டாள்: "அப்போ இது வைத்தியம்தான், என்ன? சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. நாங்களும் வைத்தியந்தான் பாத்திருக்கோம்."

அந்தச் சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுபோவதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. வைத்தியம். பதினோரு வீட்டிலும் அன்றைக்குச் சோறு இறங்கியது. சுவரில் மாலையோடு தொங்கிய படங்களை நிமிர்ந்து பார்க்க முடிந்தது. ஒரு வாரத்தில் அது பரம்பரை வைத்தியமாயிற்று, ஒரு மாதத்தில் சித்தர் சொல்லிப்போன வைத்தியமாயிற்று, எந்தச் சித்தர் என்பதில் மட்டும் கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் சின்னத் தகராறு. ரிடையரான ஹெட்மாஸ்டரும் தலைக்குச் சாயம் பூசுகிற ஜவுளிக்கடைக்காரரும் ஆள் வைத்து எண்ணெய் தேய்த்துக் குளித்து, இளநீர் குடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு பத்து நாள் திரிந்தார்கள். ஒரு முடிகூடக் கறுக்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிற வயசாளிக்குத்தான் கேட்கும் என்று ஊர் அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், ஊரே சேர்ந்து சோறு போட்டால் மறைக்கலாம் போலிருக்கிறது.

சீனித்தாயை அரித்தது வேறு. நாற்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால், இதே வாசலில், சங்கையா தன் அப்பனுக்குத் தலைக்கு ஊற்றினார். பத்து வயசுச் சீனித்தாய் பக்கத்தில் செம்பை வைத்துக்கொண்டு நின்றாள். அப்படிப்பட்டவருக்கு அந்தச் சனிக்கிழமை என்ன நடக்கிறதென்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும் என்றால் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? அவர் விறகு வெட்டிப் போட்டார், அவளுக்குத் தண்ணீர் சுமந்தார், மூட்டு வலிக்கு நொச்சி இலை பறித்து வந்து கொதிக்க வைத்துக் கொடுத்தார். அவர் ஒவ்வொரு நல்லது செய்யும்போதும் அவளுக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம் போலிருந்தது. ஒருவேளை தெரியாது, படுக்கையில் நினைவு தப்பிக் கிடந்தார், அவருக்குத் தெரியவே தெரியாது என்று நம்புவதற்கு அவள் ஒவ்வொரு நாளும் பாடுபட்டாள். அவள் உயிர் அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடியது.

டாக்டர் ஹேமபிரபா வந்தது மார்கழியில். சென்னையில் முதுமையை ஆராய்கிற ஒரு நிலையத்தில் வேலை பார்க்கிற பெண், முப்பத்தைந்து வயசுக்குள் இருக்கும், தரையில் சம்மணம் போட்டு உட்காரத் தெரிந்தவள். சங்கையாவின் ரத்தத்தை ஐந்து தடவை எடுத்துப் போய் ஐந்து தடவையும் நம்பாமல், ஆறாவது தடவை நம்பிவிட்டு வந்து சீனித்தாயிடம் பொறுமையாக விளக்கினாள்.

"நம்ம உடம்புல செல்லுன்னு கோடிக்கணக்குல இருக்கும்மா. வயசாக வயசாக அதுல சிலது ஒரு மாதிரி ஆயிடும். வேலையும் செய்யாது, சாகவும் சாகாது. சும்மா உட்கார்ந்துக்கிட்டு பக்கத்துல இருக்கிற நல்ல செல்லையும் கெடுக்கும். அதை மட்டும் வெளியேத்திட்டா கிழட்டு எலி திரும்ப ஓடியாடுது, லேப்ல பார்த்திருக்கோம். உங்க அப்பா உடம்புல அந்த மாதிரி செல் ரொம்ப ரொம்பக் கம்மி. எப்படிப் போச்சுன்னுதான் தெரியணும்."

சீனித்தாய்க்கு முகம் பற்றி எரிந்தது. வேலையும் செய்யாது, சாகவும் சாகாது. குருசாமி பேசியதை இந்தப் பெண் ஒளிந்திருந்து கேட்டாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அன்றைக்கு அந்தப் பேச்சுக்குத் தலையாட்டிய தலை இப்போது தானாகக் குனிந்துகொண்டது.

"அந்தக் குளியல் பத்திச் சொல்லுங்க. எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நேரம் தண்ணீர், என்ன குடிக்கக் கொடுத்தீங்க, எல்லாம் வேணும்."

குருசாமி சொன்னான், ராக்கம்மாள் திருத்தினாள், ஊர் கூடி நின்று விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தது. டாக்டர் எழுதிக்கொண்டே போனாள். திடீரென்று உடம்பைக் குளிரில் நனைத்து வயிற்றையும் காயப்போட்டால் செல்லெல்லாம் விழித்துக்கொண்டு தன்னைத்தானே பழுது பார்க்கும், அது ஓரளவுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான், இது அதனுடைய பெரிய வடிவமாக இருக்கலாம் என்றாள். கடைசியாக, "இதை எதுக்காகச் செய்வீங்க?" என்றாள்.

"ஒடம்பு தேறத்தான்," என்றான் குருசாமி.

"வேற யாருக்காவது செஞ்சிருக்கீங்களா?"

ராக்கம்மாள் தரையைப் பார்த்தாள். "இல்ல," என்றான் குருசாமி. சீனித்தாய் பக்கத்திலேயே நின்றாள், இல்லை என்பதற்கும் தலையாட்டினாள்.

மாசி மாதம் டாக்டர் ஒரு தாளோடு வந்தாள். எங்கேயோ ஒரு முதியோர் இல்லத்திலிருந்து பன்னிரண்டு பேர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், எல்லாரும் எண்பதுக்கு மேலே, இதே ஊரில் இதே கைகளால் செய்தால்தான் சரியாக அளக்க முடியும், பள்ளிக்கூடத்தில் வருகிற சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம், ஆம்புலன்ஸ் நிற்கும். முதல் எண்ணெய் சீனித்தாய் வைக்க வேண்டும், அவள் கைராசியை ஊரே சொல்கிறது.

அன்றைக்கே சீனித்தாய் சிவகாசிக்குப் போய் லாரி ஷெட்டில் தம்பியைப் பிடித்தாள்.

"குருசாமி, அவுக செத்துப் போவாகடா."

"டாக்டரு படிச்ச பிள்ளை. பாத்துக்கிடும்."

"நம்ம ஊருல பதினோரு பேருக்கு ஊத்துனோம். ஒருத்தர் நாலாம் நாள் பாத்தாகளா?"

குருசாமி கையிலிருந்த கந்தைத்துணியில் விரல் விரலாகத் துடைத்தான். "சொல்லு. போய்ச் சொல்லு. ஊரே ஜெயில்ல கிடக்கட்டும். அதைக்கூட விடு. அய்யாவுக்குத் தெரிஞ்சிரும்லக்கா."

அவன் அக்காவை நன்றாக அறிந்தவன். ஜெயில் என்றபோது அசையாதவள், கடைசிச் சொல்லுக்கு வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

சனிக்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில் வேன் வந்து நின்றது. சங்கையாதான் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். அவரை அவர்கள் வேலையாள் என்றே நினைத்தார்கள், விஷயம் தெரிந்ததும் அவர் கையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தது. இளநீர் குவிந்திருந்தது. ஊர் முழுக்கச் சுற்றி நின்றது, நல்ல துணி உடுத்தி, கல்யாணத்துக்கு வந்தது மாதிரி. முதல் நாற்காலியில் லூர்தம்மாள் என்று ஒரு அம்மா, எண்பத்தாறு வயது, கொண்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், இருக்கிற நாலு முடியும் தோளில் கிடந்தது.

சீனித்தாய் உள்ளங்கையில் எண்ணெயை வாங்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கும் பல்லு முளைக்குமா அம்மா?" என்று கேட்டாள் லூர்தம்மாள். "முறுக்கு தின்னு ரொம்ப வருசமாச்சு."

சீனித்தாயின் கை மேலே எழவில்லை. எதிரே சங்கையா அடுத்த நாற்காலியை நேராக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று தெரிந்து, லூர்தம்மாளின் வெற்று உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இது வைத்தியமில்ல. சாகுறதுக்கு ஊத்துறது."

சத்தமாகத்தான் சொன்னாள், ஆனாலும் அவள் சொன்னது தனக்கே கேட்காத மாதிரி இருந்தது, அதனால் திரும்பவும் சொன்னாள். "எங்க அய்யா சாகட்டும்னுதான் ஊத்துனோம். நான்தான் முத எண்ணெய் வச்சேன். இளநியும் நான்தான் குடுத்தேன். அவரு பொழைச்சது எப்படின்னு எங்களுக்குத் தெரியாது. இதுக்கு முன்னால பதினோரு பேருக்கு ஊத்தியிருக்கு, ஒருத்தரும் பொழைக்கலை."

டாக்டர் ஹேமபிரபா எழுதுவதை நிறுத்தினாள். கூட்டத்திலிருந்து ராக்கம்மாள், "படுபாவி, இத்தனை நாளா நிம்மதியா இருந்தேனே" என்றாள், கோபமாகக்கூட இல்லை, எதையோ தொலைத்தவள் மாதிரிச் சொன்னாள். குருசாமி கூட்டத்துக்குள்ளேயே பின்னால் பின்னால் போனான். அந்த மைதானத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாரும் சங்கையாவைத்தான் பார்த்தார்கள், அதுவும் அவர் திரும்பிப் பார்க்காதபோது.

"ஐயா," என்றாள் டாக்டர். "இது உங்களுக்கு... தெரியுமா?"

சங்கையா நாற்காலியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "தெரியும்மா. எங்க அய்யாவுக்கு நான் ஊத்துனவன்தானே. முத நாளே வீட்டுல எல்லாரும் மெல்லப் பேசுனாக. அதுலயே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க? வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விட்டிருவாக. விட்டா பழையபடி கிடக்கணும்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். பார்ப்பதற்கு நாற்பது வயசு ஆள், எண்பத்து நாலு வயசுக் குரலில் பேசினார்.

"பதினாலு மாசம் நீ தொடச்ச, கழுவுன, துணி மாத்துன. ஒரு கொறை சொல்ல முடியாது தாயி. ஆனா தொடலை. அன்னிக்குத்தான் தொட்ட. உச்சியில கை வச்ச, சூடு பறக்கத் தேய்ச்ச. பெறகு குருசாமி தொட்டான், மருமக தொட்டா, எங்கெங்கயோ இருக்குற சொந்தமெல்லாம் வந்து நெஞ்சுல, முதுகுல, கால்ல கை வச்சாக. எனக்குத் தெரியும் எதுக்குன்னு. ஒடம்புக்குத் தெரியலை. அது ஒரு கிறுக்கு. நம்மளை இம்புட்டுப் பேரு வேணுங்காகன்னு நெனைச்சுக்கிட்டு, அவசர அவசரமா வளந்துருச்சு."

கையைத் திருப்பித் திருப்பி, புதிதாக வந்த ரேகைகளைப் பார்த்துக்கொண்டார். "இனி அதுகிட்டப் போயி எப்படிச் சொல்ல, அப்படியில்லன்னு?"

லூர்தம்மாள் அவிழ்த்துப்போட்ட முடியை அள்ளிக் கொண்டையாக முடிந்துகொண்டு, வேன் எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள். பன்னிரண்டு பேரையும் சங்கையாவே திரும்பத் தூக்கி ஏற்றினார், இந்தத் தடவை யாரும் அவர் கையைத் தடவிப் பார்க்கவில்லை. டாக்டர் தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அவர் சொன்னதை எழுதிக்கொள்ள அதில் இடம் இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. போலீஸ் வந்ததா என்று கேட்கிறவர்கள் உண்டு. நாலு நாள் கழித்து வந்தது. செத்தவர் எதிரே கறுத்த மீசையோடு நின்று, எனக்கு ஒரு புகாரும் இல்லை என்று சொல்லும்போது என்ன எழுத முடியும். மற்ற பதினோரு பேருக்காகப் புகார் சொல்ல ஊரில் ஆள் இல்லை. அந்தப் பதினோரு வீட்டிலும் படங்களைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சீனித்தாய் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்து, கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, உலை வைத்தாள். சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள், இறங்கவில்லை. ஒரு வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் தண்ணீர் சுமந்தார், தெரிந்துகொண்டேதான் நொச்சி பறித்தார். இன்னும் நாற்பது வருஷம் தாராளமாக இருப்பார் என்று டாக்டர் ஒருநாள் சொல்லியிருந்தாள், தான் அத்தனை நாள் இருக்கப்போவதில்லை என்பது சீனித்தாய்க்குத் தெரியும்.

சங்கையா வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் தட்டை வைத்து, சோறு போட்டு, கீரைக் குழம்பு ஊற்றினாள். அவர் தலை குனிந்து பிசைந்தார். சுழி தெரிந்தது, அதைச் சுற்றிக் கறுகறுவென்று முடி. தன்னையறியாமல் அவள் கை அந்தத் தலையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது. போன வருஷம் எண்ணெய் வைத்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவரை ஒரு தரம்கூடத் தொடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது தொட்டால், இது எதற்கு என்று அவர் உடம்பு கேட்குமே. என்னவென்று சொல்வாள்? அதற்கே தெரியாத பதில் அவளுக்கு மட்டும் எங்கே தெரியும்? சங்கையா பிசைவதை நிறுத்திவிட்டு, தலையை நிமிர்த்தாமல் காத்திருந்தார்.

அவள் கையை இழுத்துக்கொண்டு, கரண்டியை எடுத்து, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.